பட்டை கழற்றிய சுருட்டு

விலை உயர்ந்த ஒரு சுருட்டு அந்த விலைக்குத் தகுமா என்று கேட்டுக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள், பெரும்பாலும் அதை வாங்குவதென்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வருகிறவர்கள்தான். வேறொருவர் வாயால் ஒரு "தகும்" கேட்டுவிட்டால் மனைவியிடம் சொல்ல ஒரு காரணம் கிடைக்கும். பதினேழு வருடமாக அந்தத் "தகும்" சொல்வது என் வேலை. நேற்று நீங்கள், "எனக்கு சிகரெட்டுக்கும் சுருட்டுக்குமே வித்தியாசம் தெரியாது, புரியும்படி எழுதுங்க" என்றீர்கள் மேடம். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். தாள் போதாவிட்டால் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

கடையை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். முன்னால் கவுன்டர். அடுத்து நான்கு தோல் நாற்காலிகள் போட்ட புகைக்கும் அறை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், சுருட்டுகள் காய்ந்துவிடாமல் ஈரப்பதத்தோடு வைத்திருக்கும் மர அலமாரி அறை. கடைசியில் ஃப்ரீசர் ரூம். சுருட்டுக் கடையில் ஃப்ரீசர் எதற்கு என்று உங்கள் கான்ஸ்டபிள் கேட்டார். நல்ல கேள்வி. புகையிலைக்குள் கண்ணுக்குத் தெரியாத வண்டு முட்டைகள் இருக்கும். கொஞ்சம் வெக்கை பட்டால் பொரிந்துவிடும். குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை போட்டு ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போய், ஒரு மாதத்தில் கடையையே சல்லடையாக்கிவிடும். அதனால் வருகிற ஒவ்வொரு பெட்டியும் மூன்று நாள் உறைகுளிரில் கிடந்துவிட்டுத்தான் அலமாரிக்குப் போகும். அந்த மூன்று நாளும் மெஷினை நிறுத்தக் கூடாது. நடுவில் குளிர் விட்டுப்போனால் முட்டையும் சாகாது, சுருட்டின் மேல் இலையும் வெடித்துவிடும். கடையில் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது நான்தான்.

வருடத்துக்கு ஒரு முறை லிமிடெட் எடிஷன் வரும். பெட்டிக்குப் பத்து சுருட்டு, எங்கள் கடைக்கு ஐந்தே பெட்டி. ஒவ்வொரு சுருட்டின் இடுப்பிலும் பச்சைக் காகிதப் பட்டை, அதில் பொன் எழுத்து. ஒரு சுருட்டின் விலையில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு மாத வாடகை கொடுத்துவிடலாம். கொளுத்தினால் இரண்டு மணி நேரத்தில் சாம்பல். அதை வாங்கலாமா என்று தயங்கி நிற்பவரிடம் முதலாளி, "நம்ம மூக்கைக் கேளுங்க" என்று என்னைக் காட்டுவார். கடையில் எனக்கு அதுதான் பெயர். வாடிக்கையாளர்களின் குழந்தைகள்கூட என்னை மூக்கு அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் சுருட்டைக் காதருகே வைத்து மெல்ல உருட்டுவேன். முகர்வேன். பிறகு பேசுவேன். முதல் பங்கில் மிளகு, நடுப் பங்கில் வறுத்த காப்பிக்கொட்டை, கடைசிப் பங்கில் பழைய தோல் பையின் வாசம். ஒரு சுருட்டை மூன்று பங்காகப் பிரித்துப் பேசுவது எங்கள் தொழில் வழக்கம். நான் பேசி முடிப்பதற்குள் பணப்பை வெளியே வந்திருக்கும்.

எனக்கு அதில் எதுவும் தெரியாது. இதை நான் முதன்முதலாக எழுத்தில் சொல்கிறேன். சாதாரணச் சுருட்டும் லிமிடெட் எடிஷனும் எனக்கு ஒரே புகைதான். சேர்ந்த புதிதில், போகப் போக வந்துவிடும் என்று நினைத்தேன். வீட்டில் மனைவி என் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, மிளகுத் தூள், காப்பித் தூள், என் பழைய செருப்பு என்று ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டுவாள். எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடுவேன். ஆனால் சுருட்டுக்குள் அந்த மிளகும் காப்பியும் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று மட்டும் பிடிபடவில்லை. மூன்று வருடம் முயன்றேன். பிறகு ஒரு நாள் தெளிவு வந்தது. எனக்கே தெரியவில்லை என்றால் யாருக்குமே தெரியவில்லை. பட்டையைப் பார்த்துச் சப்புக்கொட்டுகிறார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு வந்த பதினான்கு வருடமும் நான் நல்ல மனிதனாகத்தான் இருந்தேன். யாரையும் ஏமாற்றுவதாக எனக்குத் தோன்றவே இல்லை. அவர்கள் ஆசைப்பட்டதைத்தான் சொன்னேன்.

இனி என் மச்சானைப் பற்றி. என் மனைவியின் அண்ணன். ஏசி, ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் ரிப்பேர் செய்கிறவர். மனைவியை இழந்தவர், பட்டறைக்குப் பின்னாலேயே ஒரு அறையில் இருந்தார், ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் எங்கள் வீட்டில் சாப்பாடு. எங்கள் கடை ஏசியை அவர்தான் பார்த்துவந்தார். வேலையில்லாமல் நான் அலைந்துகொண்டிருந்தபோது முதலாளியிடம் சொல்லி என்னைச் சேர்த்துவிட்டதும் அவர்தான். இதை நீங்கள் என் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பீர்கள். நான் மறைக்கவில்லை என்று காட்டவே எழுதுகிறேன்.

கடையின் ஆண்டு விழாவன்று, ஒரு ஞாயிறு மதியம், முக்கியமான வாடிக்கையாளர்கள் ஆறு பேரை முதலாளி கூப்பிட்டிருந்தார். பட்டை கழற்றிய மூன்று சுருட்டுகளை மூன்று கிண்ணங்களில் வைப்பது, அதில் லிமிடெட் எடிஷன் எது என்று நான் கண்டுபிடிப்பது. பட்டையைக் கழற்றி அடுக்கியதும் நான்தான் என்பதால் பயமில்லை. இரண்டாவது கிண்ணம் என்று மனதில் குறித்துக்கொண்டேன். டீ கொண்டுவரும் அக்கா மேசையைத் துடைக்கும்போது நான் வாசலில் எலும்பு டாக்டரை வரவேற்றுக்கொண்டிருந்தேன். அவர் எங்கள் பெரிய வாடிக்கையாளர். மச்சான் மூலையில் ஏணி மேல் நின்று ஏசி ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

மூன்றையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். கண்ணை மூடினேன். இரண்டாவதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். அன்றைக்கு நன்றாகவே பேசினேன், மிளகோடு தேனும் சேர்ந்து வந்தது. முதலாளி கை தட்டினார். எலும்பு டாக்டர் இரண்டாவதை வாங்கி இழுத்துவிட்டு, "சந்தேகமே இல்ல, ராஜா ராஜாதான்" என்றார். உற்சாகத்தில் மச்சானையும் ஏணியிலிருந்து இறக்கி, மூன்றையும் ஒவ்வொரு இழுப்பு இழுக்கச் சொன்னார்கள். மச்சான் மெதுவாக இழுத்தார். மூன்றாவதை மட்டும் இரண்டு முறை இழுத்தார்.

"நமக்கு எல்லாம் ஒண்ணுதான் டாக்டர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

திரும்பும்போது என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். சிவப்பு விளக்கில் நின்றிருந்தபோது என் காதருகே குனிந்தார்.

"மாப்ள, அது மூணாவதுதானே?"

"எது?"

"அந்த ஒசத்தி சுருட்டு. அங்கயே சொல்லியிருப்பேன், பெரிய மனுசங்க முன்னாடி எதுக்குன்னு விட்டுட்டேன். உங்க சோத்துல நான் மண்ணள்ளிப் போடுவேனா?"

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். மறுநாள் கடை விடுமுறை, அந்த ஒரு நாளை எப்படிக் கழித்தேன் என்று தெரியவில்லை. செவ்வாய் காலை டீ அக்காவிடம் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். "கிண்ணத்தைத் தூக்கித்தானே சார் துடைச்சேன். மாத்தி வச்சுட்டேனா? எல்லாம் ஒரே மாதிரிதானே இருந்துச்சு" என்றார். பதினான்கு வருடமாக அதையே நினைத்திருந்த எனக்கு அந்தப் பதிலில் கோபப்பட இடமில்லை.

குருட்டாம்போக்கில் ஒருவர் சொன்னது பலித்துவிடலாம். மூன்றில் ஒன்றுதானே. அதனால் சோதித்துப் பார்த்தேன். எலும்பு டாக்டர் தன் பெட்டிகளைக் கடை லாக்கரிலேயே வைத்திருப்பார், சாவி என்னிடம். ஒரு லிமிடெட் எடிஷனை எடுத்துக்கொண்டு, அதே அளவு சாதாரணச் சுருட்டு ஒன்றுக்குப் பச்சைப் பட்டையை மாட்டி அந்த இடத்தில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பால்கனியில் மச்சான் முன்னால் ஐந்து சுருட்டுகளைப் பட்டையில்லாமல் வைத்தேன். இரண்டே நிமிடம்.

"நாலாவது" என்றார். சரி.

அடுத்த ஞாயிறு மூன்று வைத்தேன், மூன்றுமே சாதாரணம். "இதுல இல்லையே மாப்ள, என்ன விளையாட்டு?" என்றார். அதற்கடுத்த ஞாயிறு அவருக்குச் சளி பிடித்திருந்தது, அப்படியும் சொன்னார். ஐந்து ஞாயிறும் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அதே சமயம் எலும்பு டாக்டர் என் கைவரிசையில் உருவான ராஜாக்களை ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டு, "நாளாக ஆக இது பழுத்துக்கிட்டே வருது மூக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உலகத்தில் மற்ற எல்லோரையும் பற்றி நான் நினைத்தது சரிதான். இந்த ஒரு மனிதரைத் தவிர.

அந்த மூன்றாவது ஞாயிறே, எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். பட்டறை ஓரத்தில் முப்பது வருடமாக மலிவுச் சுருட்டு பிடித்தவர். எங்கள் தொழிலின் ஒரு வார்த்தைகூட அவருக்குத் தெரியாது.

"எப்படிச் சொல்றது மாப்ள. மத்தது வாயிலயே நின்னுடுது. இது உள்ள போயி, எல்லா வேலையும் முடிஞ்சு ஷட்டரை இழுத்துவிட்டா ஒரு மாதிரி இருக்குமே, அப்படி இருக்கு."

"விலைக்குத் தகுமா மச்சான்?"

கையிலிருந்த சாம்பலைத் தட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "தகும். எங்கிட்ட வசதி இருந்தா வருசத்துக்கு ஒண்ணு, என் பொண்டாட்டி நினைவு நாளுக்கு வாங்கிக் குடிப்பேன்."

பதினேழு வருடமாக நான் பொய்யாகச் சொல்லிவந்த ஒரே சொல்லை, ஏணியிலிருந்து இறங்கிவந்த ஒருவர் மெய்யாகச் சொன்னார். அது எனக்கு எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பொறாமையாக இருந்தது. வயிறு எரிந்தது என்பார்களே, அதன் பொருள் அன்றைக்குத்தான் விளங்கியது.

அதற்குப் பிறகு எனக்கு எங்கும் இருப்புக்கொள்ளவில்லை. கடையில் உட்கார முடியாமல், துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். ஒரு வாடிக்கையாளரிடம் பேசும்போது நடுப் பங்கில் என்ன வருமென்று மறந்துபோய் நின்றேன். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து பால்கனிக்குப் போவேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்புவேன். "செருப்பைத் தேய்க்கிறதுக்கா நடக்கிறீங்க?" என்று மனைவி கேலி செய்தாள். ஒரு முழு லிமிடெட் எடிஷனை யாருமில்லாத இடத்தில், சத்தமில்லாமல், ஆரம்பம் முதல் கடைசி வரை பிடித்துப் பார்த்தால் எனக்கும் தெரிந்துவிடும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எங்கே பிடித்தாலும் அவர் பக்கத்தில் இருப்பது போலவே இருந்தது.

ஐந்தாவது ஞாயிறு அவரே பேச்சை எடுத்தார்.

"உங்களுக்குப் பிடிபடலைன்னா என்ன மாப்ள, அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறீங்க? அடுத்த வருசம் அந்தக் கிண்ண விளையாட்டு வெச்சா, நான் ஏசி பாக்குற சாக்குல வந்து நிக்கிறேன். சரியானதை நீங்க தொடும்போது லேசா இருமறேன். முடிஞ்சுபோச்சு."

உள்ளேயிருந்து என் மனைவி, "அண்ணன் இருமலை நம்பியா இனிமே நம்ம குடும்பம் நடக்கணும்?" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். அவர் பேச்சில் துளி குத்தல் இல்லை. இருந்திருந்தால் நான் பொறுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். மனதாரத்தான் சொன்னார்.

ஃப்ரீசர் ரூமின் கதவுக்கு உட்புறமும் ஒரு பிடி உண்டு. உள்ளே போனவர் அதைத் திருகித்தான் வெளியே வர வேண்டும். அது இரண்டு வாரமாக ஆடிக்கொண்டிருந்தது. ஆள் வைத்துச் சரிசெய்யும்படி முதலாளி சொல்லியிருந்தார். சனிக்கிழமை இந்த வருட லிமிடெட் எடிஷனின் முதல் பெட்டி வந்து உள்ளே போனது. திங்கட்கிழமை கடைக்கு வார விடுமுறை. அன்று காலை மச்சானை வரச் சொன்னேன். அதுவரைக்கும் நான் எதையும் தீர்மானிக்கவில்லை. பிடியைச் சரிசெய்ய அவரைக் கூப்பிடாமல் வேறு யாரைக் கூப்பிடுவது?

பதினோரு மணிக்கு வந்தார். அரைக்கைச் சட்டை. டூல் பையை வாசலிலேயே வைக்கச் சொன்னேன், பெட்டிகள்மேல் எண்ணெய்க் கறை படக் கூடாதென்று. அவருடைய போனும் அந்தப் பையில்தான் இருந்தது.

"மெஷினை நிறுத்திடட்டுமா மாப்ள?"

"வேண்டாம் மச்சான், உள்ள பெட்டி இருக்கு. நாளைக்குத்தான் எடுக்கணும்."

"ஓ, அதுவா? சரி சரி, ரெண்டு நிமிச வேலைதான்."

ஸ்க்ரூ டிரைவரை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். குளிர் வெளியே வந்து காலில் பட்டது. அவர் ஸ்க்ரூக்களைக் கழற்றினார், பிடி கையோடு வந்துவிட்டது. அதைத் திருப்பிப் பார்த்து, "தேஞ்சுபோச்சு" என்றார். பிறகு அந்தப் பெட்டிப் பக்கம் திரும்பி, மூடி மேல் கையை வைத்து, "இவருதான் இந்த வருச ராஜாவா?" என்று கேட்டார்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டதா, நான் சாத்தினேனா என்று மூன்று முறை கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கதவு தானாகச் சாத்தாது. அடிப்பக்கம் தரையில் உரசும், தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும். தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.

புகைக்கும் அறைக்கு வந்து எலும்பு டாக்டரின் லாக்கரிலிருந்து கடைசியாக எஞ்சியிருந்த உண்மையான சுருட்டை எடுத்துப் பற்றவைத்தேன். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். பல வாரங்களுக்குப் பிறகு என் கால் ஆடாமல் இருந்தது. முதல் பங்கில் அவர் சிரித்துக்கொண்டேதான் தட்டினார். "மாப்ள, பிடி என் கையில இருக்கு, வெளியிலேர்ந்து திறங்க" என்றார். நடுப் பங்கில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்த நேரத்தில்தான் நாக்கின் பின்பக்கம் ஏதோ ஒன்று வருவது போல இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை, சத்தம் தொந்தரவாக இருந்தது.

பன்னிரண்டரைக்கு மனைவி போன் செய்தாள். "அண்ணன் அங்க வந்தாரா? இன்னைக்கும் இங்கயே சாப்பிடச் சொல்லியிருந்தேன்."

"வந்துட்டு அப்பவே கிளம்பிட்டாரே" என்றேன். அப்போது விட்டு விட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அவளுக்குக் கேட்டிருக்காது.

கடைசிப் பங்கை விரல் சுடும் வரை பிடித்தேன். பிறகு சாம்பல் கிண்ணத்தைக் கழுவினேன், நாற்காலிகளைத் துடைத்தேன், புதிய பெட்டிக்கு வைக்க வேண்டிய குறிப்பு அட்டையை எழுதினேன். நான்கு மணிக்குக் கதவைத் திறந்தேன். அவர் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் பெட்டியைத்தான் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பிறகு உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்து, கதவு சிக்கிக்கொண்டது என்று சொன்னேன். அது பொய். அந்த ஒன்றை இங்கே திருத்திவிடுகிறேன்.

இன்னொரு திருத்தமும் இருக்கிறது, அது உங்களுடையது. மச்சானின் பேன்ட் பையில் கட்டிங் பிளேயர் இருந்ததாக நேற்று சொன்னீர்கள். உள்ளே குளிர்காற்றை ஊதும் ஃபேனுக்குப் போகும் ஒயர் கைக்கெட்டும் உயரத்தில் ஓடுகிறது, முப்பது வருடம் இதே வேலை செய்தவர், ஒரு வெட்டு வெட்டியிருந்தால் குளிர் நின்றிருக்கும், உயிரோடு இருந்திருப்பார் என்றீர்கள். ஏன் வெட்டவில்லை என்று கேட்டுவிட்டு, "கடைசி வரைக்கும் நீங்க திறந்துடுவீங்கன்னே நம்பிக்கிட்டு இருந்திருக்கார்" என்று நீங்களே பதிலும் சொல்லி எழுதிக்கொண்டீர்கள். உங்களுக்கு இந்தத் தொழில் தெரியாது, அதனால் குற்றம் சொல்ல மாட்டேன். தயவுசெய்து அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். மெஷின் நின்றால் அந்தப் பத்துச் சுருட்டும் பாழாகிவிடும் என்று அவருக்குத் தெரியும், அதன் அருமை தெரிந்த ஒரே மனிதர் அவர்தான், அதற்காகத்தான் அவர் ஒயரில் கை வைக்கவில்லை.